புள்ளித்துணிக்காரியின் அளவு

எங்கள் தெருவில் பெண்களுக்குத் துணி தைப்பவளை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதும்போது மட்டும் அது வெளியே வரும். குளிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அளவு டேப் கழுத்தில் கிடப்பதால் டேப்பு. புருஷனுக்கும் அவள் டேப்புதான். அவர் இரண்டு தெரு தள்ளியிருந்த பேக்கரியில் அடுப்படி வேலை பார்த்தார். விடியுமுன் போய், புருவமெல்லாம் மாவோடு மத்தியானம் திரும்புவார். அவர் வந்து கதவருகே செருப்பைக் கழற்றினால் தெரு முழுக்க ரொட்டி வாசம் அடிக்கும்.

வீட்டின் முன்னறைதான் கடை. காலால் மிதிக்கும் மிஷின் ஒன்று, மோட்டார் வைத்த மிஷின் ஒன்று, மூலையில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கடைக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. திரைக்குப் பின்னால் டேப் பார்த்ததைத் திரைக்கு முன்னால் வாய் சொல்லக் கூடாது. யாருக்கு இடுப்பு பெருத்துவிட்டது, யார் முதுகில் தழும்பு இருக்கிறது, எந்தப் பெண்ணுக்கு ஒரு தோள் இறக்கம், ஒன்றையும் அவள் வாயிலிருந்து வாங்க முடியாது. தோள் இறக்கமென்றால் அந்தப் பக்கம் மட்டும் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவாள். அப்படி மறைத்துத் தைப்பதற்குத்தான் அவளிடம் அவ்வளவு கூட்டம். ஊர்ச்சேதி கேட்கும் ஆசையில் ஒரே பாவாடைக்கு நான்கு தடவை அளவு கொடுக்கப் போனவர்களும் உண்டு. வெறும் வாயோடுதான் திரும்பினோம். ஆமாம், நானும் போனேன்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. பெயர் சொன்னால் ஆளைத் தெரியாது. முதன்முதலில் கொண்டுவந்த துணியைச் சொன்னால் அளவு முதற்கொண்டு சொல்லிவிடுவாள். அளவு நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருப்பாள். பச்சைக் கோடு, மஞ்சள் பூ, ரெட்டைப்பட்டன் டீச்சர். அந்த வரிசையில் ஒருத்திதான் புள்ளித்துணி.

நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி. டேப்பு நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அந்தப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாற்பதை நெருங்குகிற வயது, அடக்கமான பேச்சு. உட்கார்ந்ததும் டேப்பின் வயிற்றைத்தான் பார்த்தாள்.

“உனக்கு எத்தன மாசம் தங்கச்சி?”

“நாலு முடியப் போகுதுக்கா.”

“எனக்கும் நாலுதான். தொளதொளன்னு ஒரு கவுன் வேணும். கடைசி வரைக்கும் போட்டுக்கிற மாதிரி.”

“அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று டேப்பு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சும்மா வந்ததில்லை. இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில் போனது. இன்னொன்று ஆறாம் மாதத்தில், கை கால் விரலெல்லாம் வந்த பிறகு போனது. அந்த வருஷங்களில் பாவாடை தைக்கக் கொடுக்க வந்தவர்களெல்லாம் விசேஷம் ஏதும் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள்தான். வேறு யாரோ இல்லை.

புள்ளித்துணி மாதம் தவறாமல் வந்தாள். கவுனைப் பிரித்துக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்பாள், புதிதாக ஒன்று தைக்க வேண்டும் என்பாள். இருவரும் மிஷினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். கால் வீக்கம், நெஞ்செரிச்சல், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று பேச்சு ஓடும். டேப்புக்கு என்னென்ன வந்ததோ அடுத்த முறை வரும்போது அதெல்லாம் புள்ளித்துணிக்கும் வந்திருக்கும்.

ஆறாம் மாதத்தில் ஒருநாள் அது தெரிந்தது. திரைக்குப் பின்னால் அளவு டேப்பைப் புள்ளித்துணியின் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து முன்பக்கம் சேர்த்துப் பிடித்தபோது இவளுடைய இரண்டு விரலும் உள்ளே போயின. மாசமான வயிறு விரலுக்கு இடம் கொடுக்காது. அது இவளுக்குத் தன் வயிற்றிலிருந்தே தெரியும். இது அமுங்கியது. விரலை எடுத்ததும் மெதுவாக எழும்பியது. ஓரத்தில் ஒரு நாடா முடிச்சும் தட்டுப்பட்டது.

நிமிர்ந்தாள். கண்ணாடியில் புள்ளித்துணி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. வெளியே யாரோ தைக்கக் கொடுத்த துணி முடிந்துவிட்டதா என்று குரல் கொடுத்தார்கள்.

“முப்பத்தொம்பதுன்னு எழுதிக்கிறேன்க்கா” என்றாள் டேப்பு. “அடுத்த மாசத்துக்கும் சேத்து, உள்ள துணி விட்டுத் தைக்கிறேன்.”

புள்ளித்துணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவே இல்லை. பிறகு, “மாமியார் தொட்டுப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் ஏதாவது சொல்லித் தட்டிக் கழிக்கிறேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் டேப்பு கேட்கவும் இல்லை. பாவம், எத்தனை போயிருக்கோ, வீட்டில் என்ன பாடு படுத்துகிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்தப் புள்ளிக் கவுனையே பிரித்து, முன்பக்கம் ஆழமாக மடிப்பு வைத்துத் தைத்தாள். பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் சந்தேகம் வராத மடிப்பு. தொழிலில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பத்து மாதம் ஆனதும் என்ன செய்வாய் என்று மட்டும் ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாம். இதை நான் இப்போது சுலபமாகச் சொல்கிறேன்.

கேட்காததோடு நிற்கவில்லை. டாக்டர் குறித்த தேதியைச் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னாள். ஆபரேஷன்தான் என்று முடிவானதையும் சொன்னாள். எனக்கும் அந்த வாரம்தான் என்றாள் புள்ளித்துணி.

குழந்தை ஒரு மழைநாளில் பிறந்தது. ஆண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. பேக்கரிக்காரர் மாவுக்கையைக் கழுவாமலே ஓடிவந்து, தொடக்கூடாது என்று நர்ஸ் விரட்டியதும் தண்ணீர்க் குழாயைத் தேடிக்கொண்டு வராந்தா முழுக்க ஓடினார். வார்டில் யாரைப் பார்த்தாலும் பன் நீட்டினார். துணைக்கு இருக்க அவருடைய அக்கா வந்திருந்தார். டேப்புக்கு நாத்தனார். நல்ல மனுஷி, ஆனால் ஒரு வேலையைச் செய்தால் அதை மூன்று பேரிடமாவது சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் காவல் பலமாகத்தான் இருந்தது. பிறந்ததும் அம்மா கையிலும் குழந்தை காலிலும் ஒரே எண் போட்ட பட்டை. ஒரு கட்டிலுக்கு ஒரு துணை, அவருக்கு மஞ்சள் அட்டை. குழந்தையோடு வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். ஹெட் நர்ஸ் காலையும் மாலையும் வார்டின் நடுவில் நின்று பாடம் நடத்துவார்.

“யார் கையிலயும் குழந்தையக் குடுக்காதீங்க. நர்ஸ் டிரஸ் போட்டுட்டு வந்தாலும் அட்டையப் பாருங்க. எடை போடணும், ஊசி போடணும்னு கேட்டா நீங்களும் கூடவே போங்க.”

நாத்தனார் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முதல் நாள் எடை பார்க்க வந்த நிஜ நர்ஸையே அட்டையைக் காட்டு என்று நிறுத்திவைத்தார். அந்தப் பெண்ணுக்குக் கோபம், வார்டுக்கே சிரிப்பு. “எங்கிட்டயா? ஒரு ஈ காக்கா நெருங்க முடியாது” என்று பக்கத்துக் கட்டிலில் சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணி. வலிக்கு ஊசி போட்டு டேப்பு தூங்கிக்கொண்டிருந்தாள். கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள். நாத்தனார் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். தொட்டில் காலியாக இருந்தது. பால் துடைக்க வைத்த துணி மட்டும் அதில் கிடந்தது.

“துணி மாத்த இப்படித் திரும்பினேன். ஒரே நிமிஷம். திரும்பிப் பாத்தா இல்ல” என்றார் நாத்தனார். போலீஸ் வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னார். வேறு யாராவது வந்தார்களா என்று கேட்டதற்கு, யாரும் வரவில்லை என்றார்.

வாசல் கதவைப் பூட்டினார்கள். ஒவ்வொரு அறையாகத் திறந்தார்கள், ஒவ்வொரு பையாகப் பிரித்தார்கள். அழுக்குத்துணிக் கூடைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் மழையில் நனைந்துகொண்டே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கியதை டேப்பு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அப்புறம் அவளைக் கட்டிலில் பிடித்து வைக்க முடியவில்லை. தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு வார்டாக நடந்தாள். ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து பார்த்தாள். மற்ற அம்மாக்கள் தங்கள் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மாலை நான்கு மணிக்கு வாசல் வாட்ச்மேனை மேலே வரவழைத்து மறுபடி விசாரித்தார்கள். விசாரித்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். டேப்பு சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பேக்கரிக்காரர் அவள் முழங்கையைத் தாங்கியிருந்தார்.

“சத்தியமா சொல்றேன் மேடம், சீட்டு இல்லாம ஒரு குழந்த வெளிய போகல. மூணு குழந்த போச்சு. மூணுக்கும் சீட்டு இருக்கு, பாருங்க.”

“பெரிய பை, கூடை, ஏதாவது?”

“எல்லாத்தையும் தெறந்து பாத்துத்தான் விட்டேன். பை எதுவும் இல்லாமப் போனது ஒரே ஒரு ஆள்தான். நெறமாசப் புள்ளத்தாச்சி. பாவம், வயித்தப் புடிச்சுக்கிட்டு நடக்கவே முடியாம வந்துச்சு. வலி வந்திருச்சாம்மா, உள்ள போங்கன்னு சொன்னேன். இன்னும் நாள் இருக்குன்னுச்சு. நான்தான் கொட புடிச்சு வண்டியில ஏத்திவிட்டேன்.”

“என்ன டிரஸ்ஸு?” என்று டேப்பு கேட்டாள்.

“கவுனும்மா. நீலத்துல வெள்ளப் புள்ளி.”

டேப்பு நாத்தனார் பக்கம் திரும்பினாள். “அண்ணி, அவங்க மேல வந்தாங்களா?”

நாத்தனார் தம்பியைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

“வந்தா. உன் கடைக்கு வர்றவளாமே, உன்னப் பாக்க வந்தேன்னா. நீ தூங்கிக்கிட்டிருந்த. சுடுதண்ணி தீந்துபோச்சு, பக்கத்துக் கட்டில்ல கேட்டேன், இல்லன்னுட்டாங்க. நான் பாத்துக்கிறேன், நீங்க போய்ப் புடிச்சிட்டு வாங்கன்னு அவதான் சொன்னா. ஒரு நர்ஸக்கூட நான் நம்பல, உனக்கே தெரியும். ஆனா அவ நெறமாசமா நிக்கிறா. வயித்துல ஒண்ண வெச்சிருக்கவ இன்னொருத்தி புள்ளையத் தூக்குவாளா? அதான் நான் அவளச் சொல்லல. தேவையில்லாம ஒரு புள்ளத்தாச்சிய எதுக்கு போலீஸ்ல மாட்டிவிடணும்னு…”

சொல்லும்போது அவர் அதை நம்பினாரா, தம்பிக்குப் பயந்து நம்பவைத்துக்கொண்டாரா, தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

“அது வயிறு இல்ல அண்ணி” என்றாள் டேப்பு.

யாருக்கும் புரியவில்லை. அவள் இன்ஸ்பெக்டரிடம் மறுபடி சொன்னாள். “அது பஞ்சு. நாடா போட்டுக் கட்டியிருப்பாங்க. கழட்டினா அந்த எடத்துல ஒரு குழந்த படுக்கலாம். கவுன் நான் தச்சது. முன்னாடி மடிப்பு வெச்சிருக்கேன். வெளிய தெரியாது.”

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற துப்புரவுக்காரப் பெண் அப்போதுதான் பேசினாள். காலையில் கக்கூஸில் நாடா தைத்த தலையணை ஒன்று கிடந்தது என்றாள். என்னவோ ஏதோ என்று குப்பையில் போட்டுவிட்டாளாம்.

“உங்களுக்கு இது எப்ப தெரியும்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஆறாம் மாசத்துலருந்து.”

“தெரிஞ்சும் ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?”

“சொல்ற வழக்கம் இல்லீங்க.”

பேக்கரிக்காரரின் கை அவள் முழங்கையிலிருந்து இறங்கியது. உதறவெல்லாம் இல்லை. தானாக இறங்கியது. “அப்ப உனக்குத் தெரியும்” என்றார்.

வண்டிக்காரனைப் பிடித்து, அவன் இறக்கிவிட்ட வீட்டுக்குப் போனார்கள். பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தால், இரண்டு நாள் முன்னால் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனதாம், ஆண் குழந்தையாம். புருஷனும் பெண்டாட்டியும் மூன்று மணிக்குத்தான் குழந்தையோடு வெளியூர் கிளம்பினார்களாம். மாமியாரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கூடவே போனாராம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. நாத்தனார் பதினொரு மணிக்கே வாயைத் திறந்திருந்தால் என்று தெருவில் கணக்குப் போட்டோம். டேப்பு நான்கு மாதம் முன்னாலேயே திறந்திருந்தால் என்றும் போட்டோம். சூப்பும் வேகவைத்த முட்டையும் எடுத்துக்கொண்டு ஆறுதல் சொல்லப் போனவர்கள் திரும்பும் வழியில் இதைத்தான் பேசினோம். உதவியாக இருந்தோம் என்பதும் உண்மை. பேச விஷயம் கிடைத்தது என்பதும் உண்மை.

நாத்தனார் ஊருக்குப் போகவில்லை, சமையலறையை விட்டு வெளியே வரவும் இல்லை. ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, “என்னத் திட்டு. நாலு அறை அறை. இப்படி இருக்காதே” என்று டேப்பிடம் கெஞ்சினார்.

“நீங்க அஞ்சு மணி நேரம் மறச்சீங்க அண்ணி. நான் நாலு மாசம் மறச்சேன். நான் உங்கள எந்த வாயால திட்டுறது?”

பேக்கரிக்காரர் வேலைக்குப் போனார், மத்தியானம் வந்தார், ரொட்டியை மேஜையில் வைத்தார். சாப்பிடு என்பார், மாத்திரை போட்டியா என்பார். டேப்பு என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒருநாள் அவளே கேட்டாள்.

“எம்மேல கோபமாங்க?”

அவர் மாவு காய்ந்த நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “ஊர்ல உள்ளவங்க உடம்புல என்ன இருக்குன்னு நீ எங்கிட்டச் சொல்ல வேணாம். நான் கேட்டதும் இல்ல. ஆனா என் புள்ள எந்த ஆஸ்பத்திரியில, என்னைக்குப் பொறக்கும்னு அவகிட்டச் சொன்ன பாரு. அவ பொய் சொல்றான்னு தெரிஞ்சே சொன்ன.”

“என்ன மாதிரியே பறிகொடுத்த வயித்துக்காரின்னு நெனச்சுட்டேன்” என்றாள்.

பால் கட்டி, காய்ச்சல் வந்தது. நர்ஸ் சொன்னபடி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கிண்ணத்தில் பீய்ச்சிக் கொட்டினாள். நிறுத்திவிட மாத்திரை தருகிறேன் என்றார் டாக்டர். வேண்டாம், அவன் வந்தால் குடிப்பான் என்றாள். முதல் வாரம் கிண்ணம் நிறைந்தது. இரண்டாம் வாரம் பாதியாயிற்று. மூன்றாம் வாரம், இருந்த வலிக்கு நான்கு சொட்டு வந்தது. அப்போதும் விடாமல் கிண்ணத்தைக் கழுவி வைப்பாள். கடை பூட்டியே கிடந்தது.

இருபத்து நாலாம் நாள் தகவல் வந்தது. எங்கோ ஓர் ஊரில் சளி என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி கிளினிக்குக்கு வந்திருக்கிறாள். பிறந்த சீட்டு எங்கே என்று நர்ஸ் கேட்டதற்குத் தடுமாறியிருக்கிறாள். குழந்தை காலில் பட்டையை அறுத்தபோது பட்ட கீறல் தடம் இன்னும் இருந்திருக்கிறது. அந்த நர்ஸ் மகராசியாக இருக்கட்டும்.

அந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேக்கரிக்காரரும் டேப்பும் பஸ்ஸில் போனார்கள். ஐந்து மணி நேரப் பயணம். ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தார். வழியில் வாழைப்பழம் வாங்கித் தந்தார். இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கினார்.

பச்சைச் சுவரடித்த அறை. நடுவில் ஒரு மேஜை. சுவரோரம் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயிறில்லாத புள்ளித்துணியை டேப்புக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு ஒல்லி. தூக்கமே இல்லாத கண், தோளில் காய்ந்த பால்கறை. பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் அந்த நாளில் அப்படித்தான் இருப்பாள். வெளியே பெஞ்சில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். பிடிபட்ட பிறகுதான் அவருக்கே தெரியுமாம். அது அவர் பிள்ளை இல்லை என்று யார் எத்தனை தடவை சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்த அதே இன்ஸ்பெக்டரம்மா குழந்தையைக் கொண்டுவந்து டேப்பின் கையில் வைத்தார். கனத்தது. இரண்டு நாள் குழந்தையின் கனத்தைத்தான் அவள் கை தெரிந்து வைத்திருந்தது. கன்னம் வைத்து, தலைமுடி அடர்ந்து, நகம் வெட்டி, பவுடர் வாசத்தோடு இருந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லாமல் வளர்த்திருந்தாள். அதுதான் டேப்பால் தாங்க முடியவில்லை.

குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது. திரும்பி உட்கார்ந்து மார்பில் வைத்தாள். இரண்டு தடவை சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னைவிட ஓங்கி அழுதது. பேக்கரிக்காரர் முன்னால் வந்து விரலை நீட்டினார். பிடிக்கவில்லை. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு முகம் சிவக்க அழுதது.

“மடியில படுக்க மாட்டான் தங்கச்சி” என்றாள் புள்ளித்துணி. “தோள்ல போட்டுக்கோ. எடது தோள்.”

“நீ வாய மூடு” என்றார் இன்ஸ்பெக்டர்.

டேப்பு இடது தோளில் போட்டுக்கொண்டாள். அழுகை கொஞ்சம் தணிந்தது. நிற்கவில்லை. அவன் தலையைத் தூக்கித் தூக்கிச் சுவரோரம் இருந்து குரல் வந்த பக்கம் திரும்பினான். அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தோம் என்று பின்னால் பேக்கரிக்காரர் என்னிடம் சொன்னார். பார்க்காத மாதிரி எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்களாம்.

டேப்பு எழுந்து சுவரோரம் போய் நின்றாள். புள்ளித்துணி கையால் தலையை மறைத்துக்கொண்டாள், அடிப்பாள் என்று நினைத்து.

“இவன என்னன்னு கூப்பிட்டீங்க?”

புள்ளித்துணி தலையிலிருந்து கையை எடுத்தாள்.

“அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றார் பேக்கரிக்காரர். “வா, கெளம்புவோம்.”

“இருங்க. அவனுக்குப் பழகியிருக்கும்.” மறுபடி கேட்டாள். “சொல்லுங்கக்கா. என்னன்னு கூப்பிட்டீங்க?”

புள்ளித்துணி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சாதாரணப் பெயர்தான். சொல்லி முடித்ததும் வாயில் கையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

டேப்பு ஜன்னல் பக்கம் போனாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குழந்தையின் காதருகே வாயைக் கொண்டுபோய் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அழுகை நின்றது. மூச்சு வாங்கத்தான் நிறுத்தினானோ என்னவோ.

இன்னொரு முறை கூப்பிட்டாள்.